தேடற்பெட்டியில் உறவுச்சொற்கள்

கல்யாண வீட்டில் இளவட்டப் பையன் ஒருவன் ஒரு பெண்ணிடம் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துப் பேசினால், பந்தலின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு பாட்டி கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள்: "டேய், அவ ஒனக்குத் தங்கச்சி முறைடா." அதோடு சரி. அந்தப் பெண்ணை அவன் அதற்கு முன் பார்த்தேயிருக்க மாட்டான். ஆனாலும் அந்த ஒரு சொல் விழுந்த பிறகு அவன் நிற்கும் தூரமே மாறிவிடும். மாமன் மகள் என்றால் முறைப்பெண். பெரியப்பா மகள் என்றால் தங்கை. இரத்தக் கணக்கில் இருவரும் ஒரே தூரத்தில் இருப்பவர்கள். ஒருத்தி மணப்பெண் ஆகலாம், மற்றவளை அப்படி நினைப்பதே பிழை. இந்த ஏற்பாட்டின் உள்தர்க்கத்தை விளக்க லூயி துய்மோன் பல ஆண்டுகள் செலவிட்டார். தாமஸ் டிராட்மன் 1981இல் 'திராவிடியன் கின்ஷிப்' என்று தனிநூலே எழுதினார். நம் பாட்டிகளுக்கு அது 'முறை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது.

ஆபாசக் காணொளிகளில் குடும்ப உறவுகள் சித்திரிக்கப்படும் விதத்தைப் பற்றி எழுத வந்தவன் இங்கே தொடங்கக் காரணம் உண்டு. கடந்த பதினைந்து ஆண்டுகளில் உலகின் பெரிய நீலப்படத் தளங்கள் விற்றுத் தள்ளிய சரக்குகளில் முன்வரிசையில் இருப்பது ஓர் உடலோ ஒரு நடிகையோ அல்ல, உறவுமுறைச் சொல். தாய், தங்கை, தந்தை, மகள் என்ற சொற்களின் ஆங்கில வடிவங்களுக்கு முன்னால், மாற்றாந்தாய் வழி உறவைக் குறிக்கும் 'ஸ்டெப்' என்ற ஒட்டு. இந்தச் சொற்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன, யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அங்கே அவை என்ன வேலை செய்கின்றன, அந்த வேலையால் யாருக்கு என்ன இழப்பு என்பதே என் கேள்வி.

எல்லாச் சமூகங்களும் எங்கோ ஒரு கோடு கிழித்திருக்கின்றன. கோடு விழும் இடம்தான் மாறுகிறது. அந்தத் தடையே இயற்கையிலிருந்து மனிதன் பண்பாட்டுக்குள் கால்வைத்த வாசல் என்றார் லெவி-ஸ்ட்ராஸ் (1949). தடை எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு பழைய கட்சிகள் உண்டு. ஆசை இருப்பதால்தான் தடை வேண்டியிருந்தது என்பது ஃபிராய்டின் கட்சி. 1913இல் வந்த 'டோட்டம் அண்ட் டாபூ' அதை விரித்துப் பேசுகிறது. அவருக்கு முன்பே, 1891இல், ஃபின்லாந்துக்காரரான எட்வர்ட் வெஸ்டர்மார்க் நேர்மாறாகச் சொல்லியிருந்தார்: சிறுவயது முதல் ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குள் இச்சை தானாகவே அவிந்துவிடுகிறது, தடை அதற்குப் பின்னால் வந்தது. பிற்காலச் சான்றுகள் வெஸ்டர்மார்க் பக்கம் சாய்ந்தன. இஸ்ரேலின் கிபுட்ஸ் கூட்டுப்பண்ணைகளில் வெவ்வேறு பெற்றோரின் குழந்தைகள் ஒரே விடுதியில் ஒன்றாக வளர்ந்தார்கள். அவர்கள் மணந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. 1971இல் ஜோசப் ஷெஃபர் 2,769 திருமணங்களை எண்ணிப் பார்த்தார். ஒரே வயதுக்குழுவில் வளர்ந்தவர்கள் மணந்தது 14 மட்டுமே. தைவானில் பச்சைக் குழந்தையாகவே மருமகளைத் தத்தெடுத்து மகனோடு சேர்த்து வளர்க்கும் பழைய வழக்கத்தை ஆர்தர் வுல்ஃப் ஆராய்ந்தார். அப்படி நடந்த திருமணங்களில் மணமுறிவு அதிகம், பிள்ளைகள் குறைவு.

கூட வளர்ந்தவர்கள்மேல் உடம்பே ஒரு விலக்கத்தைக் கற்றுக்கொள்கிறது என்றால், கோடிக்கணக்கானவர்கள் இந்தச் சொற்களைத் தட்டித் தேடுவது ஏன்? அவர்கள் தேடுவது தம் தங்கையை அல்ல என்பது முதல் விடை. அது உண்மை. ஆனால் போதாத உண்மை.

*

இந்த வகைக்கு வயது குறைவில்லை. விக்டோரியா காலத்து இலண்டனில் 1879 ஜூலை முதல் 1880 டிசம்பர் வரை திருட்டுத்தனமாக அச்சிடப்பட்ட 'தி பேர்ல்' என்னும் மாத இதழின் தொடர்கதைகளில் குடும்ப உறவு மீறல் தாராளமாகவே உண்டு. குடும்பத்தின் புனிதத்தைப் பற்றி ஓயாமல் பேசிய ஒரு காலம் அதன் மறுபக்கத்தை அதே ஊர் அச்சகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

திரையில் திருப்புமுனை 1980. அமெரிக்காவில் கிர்டி ஸ்டீவன்ஸ் இயக்கத்தில் 'டாபூ' வெளிவந்தது. கே பார்க்கர் என்ற பிரிட்டனில் பிறந்த நடிகை, கணவன் கைவிட்ட ஒரு தாயாக நடித்தார். கதை தாய்க்கும் வளர்ந்த மகனுக்கும் இடையிலானது. இன்றைய துண்டுக் காணொளிகளுக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு: அதில் ஒரு கதை இருந்தது. தனிமை, வேலை தேடி அலைதல், குற்றவுணர்வு, தோழியிடம் ஒப்புக்கொள்ளுதல் என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு மனம் இருந்தது. படம் வீடியோ கேசட் காலத்தில் பெரிதாக விற்றது. அதன் பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட தொடர்ச்சிகள் வந்தன. அந்த உறவு பெற்ற உறவாகவே காட்டப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'ஸ்டெப்' என்ற ஒட்டு அப்போது தேவைப்படவில்லை.

ஒட்டு எப்போது தேவைப்பட்டது? 2001இல் ஜார்ஜ் புஷ் பதவியேற்ற நேரத்தில், ஆபாச வழக்குகள் மறுபடி பாயும் என்று அமெரிக்க நீலப்படத் தொழில் அஞ்சியது. அத்தொழிலின் வழக்கறிஞரான பால் கேம்ப்ரியாவின் பெயரால் ஒரு பட்டியல் சுற்றுக்கு வந்தது: எவற்றையெல்லாம் எடுத்தால் வழக்கு வரும், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று வரிவரியாக. அதில் ஒரு வரி, குடும்ப உறவு மீறல் கதைகள் கூடாது என்பது. அறம் கருதி வந்த விலக்கு இல்லை இது. நடுவர்மன்றத்தின் முன் எது நிற்காது என்ற கணக்கு. அந்த வரியைத் தாண்டாமலே அந்தச் சந்தையைக் கைவிடாதிருக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

வழக்கறிஞருக்குப் பிறகு காவலுக்கு வந்தவர்கள் பணம் கைமாற்றும் நிறுவனங்கள். 2012 பிப்ரவரியில் பேபால் நிறுவனம் ஸ்மாஷ்வேர்ட்ஸ் என்ற மின்நூல் தளத்திடம், குடும்ப உறவு மீறல் உள்ளிட்ட சில வகைப் புனைகதைகளை எடுக்காவிட்டால் கணக்கை மூடுவோம் என்றது. எழுத்தாளர்களின் எதிர்ப்பில் அடுத்த மாதமே பின்வாங்கியது. ஆனால் எல்லோருக்கும் ஒரு பாடம் புரிந்துவிட்டது. எதை விற்கலாம் என்பதை நாடாளுமன்றத்தை விட விரைவாகத் தீர்மானிப்பது கட்டண அட்டைதான். இரத்த உறவு என்று சொன்னால் கணக்கு போகும்; 'ஸ்டெப்' என்று சொன்னால் போகாது.

ஆகவே 'ஸ்டெப்' ஒரு கதாபாத்திரத்தின் அடையாளம் இல்லை, ஒரு வேலி. சட்டத்தின் வேலி, கட்டண நிறுவனத்தின் வேலி. இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன்: வெஸ்டர்மார்க் சொன்ன அந்த உடல் விலக்கத்துக்கு எதிரான வேலியும் அதுவே. மாற்றாந்தாயின் மகள் என்றால் நேற்று வந்தவள், கூட வளராதவள். பார்ப்பவனுக்குச் சொல்லின் சூடு கிடைக்கிறது, குமட்டல் கிடைப்பதில்லை. ஓர் ஒட்டு மூன்று வேலையைச் செய்கிறது. ஜப்பானிய நீலப்படத் தொழிலும் இதே தந்திரத்தைத் தன் மொழியில் கண்டுபிடித்தது. அங்கே 'கி' என்ற முன்னொட்டு மாற்றாந்தாய்க்கும் மாமியாருக்கும் பொது. மைத்துனிக்கும் மாற்றாந்தாய் மகளுக்கும் பொது. அட்டையில் அந்த ஓர் எழுத்து ஏறினால் போதும்.

*

2007இல் மான்ட்ரியலில் பார்ன்ஹப் தொடங்கிய பிறகு எல்லாம் மாறியது. படம் இலவசமானது, படத்தின் நீளம் சுருங்கியது, வாடிக்கையாளன் கடைக்காரரிடம் கேட்பதை விட்டுத் தேடற்பெட்டியில் தட்டினான். ஓராண்டில் உலகம் என்ன தேடியது என்று அந்நிறுவனம் ஆண்டறிக்கைகள் வெளியிட்டது. 2010களின் நடுப்பகுதியில் 'ஸ்டெப் மாம்', 'ஸ்டெப் சிஸ்டர்' இரண்டும் அந்தப் பட்டியலின் முன்வரிசைக்கு வந்துவிட்டன. தொலைக்காட்சித் தொடர்களில் வந்த மீறல்களால்தான் இந்த ஆசை என்று பத்திரிகைகள் ஒரு விளக்கம் சொல்லின. எனக்கு அது மேலோட்டமாகப் படுகிறது. தொழிலின் கணக்கைப் பார்த்தால் விடை இன்னும் எளிது.

பத்து நிமிடக் காணொளியில் கதை சொல்ல நேரமில்லை. ஆனால் கதை இல்லாவிட்டால் ஆயிரம் காணொளிகளில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய வழியில்லை. உறவுச்சொல் ஒரே சொல்லில் ஒரு முழுக் கதை. யார் யாருக்கு என்ன, யார் பெரியவர், எது கூடாது, பிடிபட்டால் என்ன ஆகும் எல்லாம் தலைப்பிலேயே தெரிந்துவிடும். தயாரிப்புச் செலவும் குறைவு: ஒரு வீடு, ஒரு சோபா, ஒரு சமையலறை. நடிகர்களுக்குச் சிறப்பு உடையும் வேண்டாம். ஏற்கெனவே எடுத்த படத்துக்குத் தலைப்பை மட்டும் மாற்றி உறவை ஒட்டிவிடவும் முடியும். அப்படித் தலைப்பு போட்டது அதிகம் பார்க்கப்பட்டால் தளத்தின் பரிந்துரைப் பொறி அதை இன்னும் பலருக்குக் காட்டும். அதிகம் காட்டப்பட்டதால் அது இன்னும் அதிகம் பார்க்கப்படும். மக்கள் கேட்டதால் கொடுத்தோம் என்று தொழில் சொல்லும்போது, அந்தக் கேள்வியில் எவ்வளவு அவர்கள் ஊட்டியது என்பதையும் கேட்க வேண்டும்.

பார்ப்பவர்களை நான் குற்றவாளிகள் என்று நினைக்கவில்லை. தடை என்பதே ஆசையைத் தூண்டும் எரிபொருள் என்பதை ஜார்ஜ் பத்தாய் 1957இல் தத்துவமாகச் சொன்னார். ஜாக் மாரின் என்ற உளவியலாளர் 1995இல் அதைக் கணக்குச் சூத்திரமாகவே எழுதினார்: ஈர்ப்போடு தடையைக் கூட்டினால் கிளர்ச்சி. சாதியும் சமயமும் ஊரும் தடையாயிருந்த காலத்தில் காதல் கதைகளுக்கு அவை போதுமாயிருந்தன. மேற்கில் அந்தச் சுவர்கள் தாழ்ந்துபோன இடத்தில், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கடைசித் தடையாக வீட்டுச் சுவர் மட்டும் நின்றது. தொழில் அதைப் பிடித்துக்கொண்டது. மனத்துக்குள் ஒருவருக்கு வந்துபோகும் கற்பனையும் அவர் செய்ய விரும்பும் செயலும் ஒன்றல்ல என்பதில் உளவியலாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இந்தப் பகுதி தெளிவாக இருக்கட்டும். என் மனக்குறை வேறிடத்தில்.

*

பிரிட்டனில் ஃபியோனா வேரா-கிரே, கிளேர் மக்லின் ஆகியோர் தங்கள் குழுவோடு ஒரு வேலை செய்தார்கள். நாட்டில் அதிகம் பார்க்கப்படும் மூன்று தளங்களின் முகப்புப் பக்கத்தை, முதல்முறை வருபவருக்கு அது எப்படித் தெரியுமோ அப்படியே, மாதக்கணக்கில் பதிவுசெய்தார்கள். தேடியவனுக்குக் கிடைத்தது அவர்கள் கணக்கில் வராது. தேடாதவன்முன் தளம் தானாக வைத்தது மட்டுமே வரும். 131,738 தலைப்புகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இது: எட்டுக்கு ஒரு தலைப்பு பாலியல் வன்முறையை விவரித்தது. அந்த வன்முறை வகைகளுள் மிகப் பெரியது, குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலானது.

இந்த ஆய்வு எண்ணியது தலைப்புகளைத்தான். பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அது அளக்கவில்லை. அளந்ததாகச் சொல்லவும் இல்லை. அது சொல்வது வேறு: இந்த வகை ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் விசித்திர ருசி இல்லை, கடைவாசலில் தொங்கவிட்டிருக்கும் சரக்கு. அந்த வாசலில் யார் நிற்கிறார்கள்? இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே ஒரு பிள்ளை முதன்முதலாக நீலப்படம் பார்க்கும் சராசரி வயது 13. நான்கில் ஒருவருக்கு மேல் 11 வயதுக்குள்ளேயே பார்த்துவிடுகிறார்கள். பாலுறவு என்றால் என்ன என்று தெரியாத வயதில் முதல் பாடமாக அமைவது ஓர் உறவுச்சொல்.

பாடம் என்ற சொல்லை எண்ணித்தான் எழுதுகிறேன். ஜான் காக்னனும் வில்லியம் சைமனும் 1973இல் பாலியல் நடத்தை என்பது உந்துதல் மட்டுமல்ல, கற்றுக்கொண்ட ஒரு கதைவசனம் என்றார்கள். யார் முதலில் பேசுவது, மறுப்பு எப்படி ஒலிக்கும், மறுப்புக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதையெல்லாம் நாம் எங்கிருந்தோ கற்கிறோம். அப்படியென்றால் இந்த வகையின் கதைவசனம் என்ன? பத்து இருபது தலைப்புகளையும் அவற்றின் விவரணைகளையும் படித்தாலே அச்சு பிடிபட்டுவிடும். ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அல்லது எங்கோ மாட்டிக்கொண்டு உதவி கேட்கிறார். ஒருவர் செய்த தவறு இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. "அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்ற மிரட்டல் வருகிறது. செல்பேசி, கார், கல்லூரிக் கட்டணம் என்று ஒரு சலுகை பேரமாகிறது. கடைசியில் "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்." நடிப்பவர்கள் வயதுவந்தவர்கள், ஆனால் கதையில் ஒருவர் எப்போதும் அந்த வீட்டின் சோற்றையும் கூரையையும் நம்பியிருப்பவர்.

வீட்டுக்குள் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்யும் யாரிடமும் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். அவர்களுக்கு இது வேறு பட்டியல். தூக்கத்தில் தொடங்குவது, சிறு தவறைப் பிடித்துவைத்து மிரட்டுவது, பரிசு கொடுப்பது, இரகசியம் காக்கச் சொல்வது எல்லாம் குற்றவாளியின் வழிமுறைகள். ஜூடித் ஹெர்மன் 1981இல் தந்தையரால் சிதைக்கப்பட்ட மகள்களைப் பற்றி எழுதிய நூலின் மையமே அந்த இரகசியம்தான். காணொளியில் அந்த இரகசியம் விளையாட்டாகிறது, மிரட்டல் சீண்டலாகிறது, மறுப்பு இரண்டாம் நிமிடத்தில் கரைந்துவிடுகிறது. இரகசியத்துக்குப் பின்னாலான இருபது வருடம் மட்டும் காட்சியில் இல்லை.

'ஸ்டெப்' என்ற ஒட்டைப் பற்றி எனக்கு மிகவும் மனம் கசக்கும் இடத்துக்கு இப்போது வருகிறேன். டயானா ரஸ்ஸல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 930 பெண்களை நேர்முகம் கண்டு 1986இல் 'தி சீக்ரெட் ட்ரௌமா' என்ற நூலை வெளியிட்டார். அவர்களில் 16 விழுக்காட்டினர் 18 வயதுக்குள் உறவினரால் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். மாற்றாந்தந்தையே முதன்மை வளர்ப்பாளராக இருந்த வீடுகளில் வளர்ந்த பெண்களில் ஆறில் ஒருவர் அவராலேயே துன்புறுத்தப்பட்டிருந்தார். பெற்ற தந்தையோடு வளர்ந்தவர்களில் அது ஏறத்தாழ நாற்பதில் ஒன்று. தொழில் எந்தச் சொல்லை 'ஆபத்தில்லாத சொல்' என்று தேர்ந்தெடுத்ததோ, அந்தச் சொல் குறிக்கும் வீட்டில்தான் ஆபத்து பல மடங்கு. நல்ல மாற்றாந்தந்தையர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பெற்றவனை விடப் பாசமாய் வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த ஒட்டு ஓர் அவமதிப்பே. ஆனால் அந்த ஆறில் ஒருத்திக்கு, தன் வாழ்க்கையின் பெயர் உலகின் மிகப் பெரிய கேளிக்கை வகைகளுள் ஒன்றாக எதிரே வந்து நிற்கிறது.

*

நம் பக்கத்துக் கதை வேறு தடத்தில் ஓடியது. இங்கே 'ஸ்டெப்' இல்லை. 'மாற்றாந்தாய்' ஏட்டில் உண்டு; அன்றாடப் பேச்சில் அந்த ஒட்டுக்குச் சொல்லே இல்லை. அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்திதான், அம்மாவின் தங்கையும் சித்திதான். நம் மொழிகளில் உறவுச்சொல் உறவினருக்கு மட்டும் உரியதும் அல்ல. காய்கறிக்காரம்மா அக்கா, பேருந்து நடத்துநர் அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் மனைவி அண்ணி. முகமறியாத ஒருவரை உறவுச்சொல்லால் அழைப்பது, 'உங்களிடம் நான் வரம்பு மீற மாட்டேன்' என்று கொடுக்கும் வாக்கு. வட இந்தியாவில் அண்ணியைக் குறிக்கும் 'பாபி' என்ற சொல்லும் அப்படியே. 2008இல் அந்தச் சொல்லைத் தலைப்பாக்கி 'சவிதா பாபி' என்ற இணையச் சித்திரக்கதை வந்தது. 2009இல் இந்திய அரசு அதை முடக்கியது. முடக்கியதால் அந்தச் சொல் மீளவில்லை. அந்தப் பெண் கதையில் தன் விருப்பத்தோடு இயங்குபவள் என்று அதை வரவேற்றவர்கள் உண்டு. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு மரியாதைச் சொல் அதன் பிறகு நாடு முழுவதும் தேடற்சொல்லாகிவிட்டது. தமிழில் அண்ணிக்கும் சித்திக்கும் அத்தைக்கும் நேர்ந்தது அதுவே. தமிழில் இந்தச் சொற்களுள் ஒன்றைத் தட்டிப் பழைய தொடர் ஒன்றையோ ஒரு பாட்டையோ தேடியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தமிழ் சினிமா இந்த வேலியை ஒன்றிரண்டு முறை தொட்டிருக்கிறது. சாமி இயக்கிய 'உயிர்' (2006) அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இடையிலான ஒருபக்க ஆசையையும், அவரே இயக்கிய 'சிந்து சமவெளி' (2010) மாமனாரையும் மருமகளையும் எடுத்துக்கொண்டன. இரண்டுக்கும் எதிர்ப்பு எழுந்தது. கலையாக அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனாலும் அங்கே செயலுக்குப் பின் ஒரு மறுநாள் உண்டு; வீடு என்ன ஆனது என்று கேட்க ஒரு கதை உண்டு.

இந்திய இணையச் செயலிகள் அந்த மறுநாளையும் நீக்கின. 2024 மார்ச்சில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 18 ஓடிடி தளங்களை முடக்கியபோது தந்த காரணங்களில், ஆசிரியர்–மாணவர் உறவும் முறைதவறிய குடும்ப உறவுகளும் பாலியல் காட்சிகளாக்கப்பட்டிருந்ததை வெளிப்படையாகச் சொன்னது. அவற்றுள் ஒரு செயலியை ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவிறக்கியிருந்தார்கள். இது அமெரிக்கக் குப்பை இங்கே ஒதுங்கிய கதை இல்லை. மாமனார், மருமகள், கொழுந்தன் என்று நம் வீட்டு மனிதர்களை வைத்து நம் ஊரிலேயே எடுத்தது.

அதே நாட்டில்தான், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007இல் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு, 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு உள்ளானதாகச் சொன்னது. செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பத் தகுந்த நிலையில் இருந்தவர்கள். பிங்கி விரானி 2000இல் 'பிட்டர் சாக்லேட்' எழுதும்வரை நடுத்தர வர்க்க வீடுகள் இதைப் பேசியதே அரிது. சென்னையில் 'துளிர்' அமைப்பு 2004 முதல் இந்தப் பேச்சைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோகப் பாடுபட்டு வருகிறது. பேச்சு எழும்ப இவ்வளவு காலம் பிடித்தது. கேளிக்கைக்கு அந்தத் தயக்கம் ஒருநாளும் இருந்ததில்லை.

*

என்ன செய்வது என்பதில் நாடுகள் வெவ்வேறு பக்கம் இழுக்கின்றன. பிரிட்டனில் பெர்டின் சீமாட்டி தலைமையில் நடந்த ஆபாசப்பட மீளாய்வு 2025 பிப்ரவரியில் 32 பரிந்துரைகளோடு வெளிவந்தது. கடையில் டிவிடி வட்டாக விற்கத் தணிக்கை அனுமதிக்காத ஒன்று இணையத்தில் மட்டும் எப்படித் தடையின்றி ஓடலாம் என்பது அதன் அடிப்படைக் கேள்வி. குடும்ப உறவு மீறல் காட்சிகளைச் சட்டவிரோதமாக்குவது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. உடனே சிக்கல் 'ஸ்டெப்'பில் வந்து முட்டுகிறது. அந்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வயதுவந்த இரத்த உறவினருக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்குகிறது. வயதுவந்த மாற்றாந்தாய் மக்களுக்கு இடையிலானதை அல்ல. செய்தால் குற்றமில்லாத ஒன்றை நடித்தால் குற்றம் என்று எப்படி எழுதுவது? இது வெறும் சட்ட நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாத கேள்வி.

கட்டண நிறுவனங்கள் இத்தகைய தயக்கம் ஏதுமின்றி இயங்குகின்றன. 2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் நிக்கலஸ் கிறிஸ்டாஃப் எழுதிய கட்டுரைக்குப் பிறகு விசாவும் மாஸ்டர்கார்டும் விலகிக்கொள்ள, பார்ன்ஹப் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய இலட்சக்கணக்கான காணொளிகளை ஒரே வீச்சில் நீக்கியது. 2025 ஜூலையில், ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் அமைப்பு கட்டண நிறுவனங்களை நோக்கித் தொடுத்த இயக்கத்தை அடுத்து, ஸ்டீம் விளையாட்டுத் தளத்திலிருந்து குடும்ப உறவு மீறலைக் கருவாகக் கொண்ட ஆட்டங்கள் பெருமளவில் அகற்றப்பட்டன. இட்ச் என்ற இன்னொரு விளையாட்டுத் தளமோ வயதுவந்தோருக்கான ஆட்டங்கள் அனைத்தையும் தேடலிலிருந்தே மறைத்தது. அந்த வலையில் தம் சொந்த அனுபவத்தைச் சொல்லவந்த சிறு படைப்பாளிகளும் சிக்கினார்கள். இதை நான் ஆதரிக்க முடியாது. தன் மாமன் செய்ததை எழுதும் பெண்ணையும் அதைக் கேளிக்கையாக்கி விற்பவனையும் ஒரே சொல்லால் வடிகட்டும் பொறி, முதலில் அந்தப் பெண்ணைத்தான் ஊமையாக்கும்.

ஜப்பான் பாதையில் கற்க ஒன்று உண்டு. வயதுவந்த உறவினருக்கு இடையிலான உறவு அங்கே குற்றமே இல்லை. தந்தையால் பல ஆண்டுகள் சிதைக்கப்பட்டு 1968இல் அவரைக் கொன்ற ஒரு மகளின் வழக்கில், பெற்றோரைக் கொன்றால் மட்டும் கூடுதல் தண்டனை என்ற சட்டப்பிரிவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1973இல் செல்லாது என்றது. அப்படியும், 18 வயதுக்குட்பட்டவரைப் பாதுகாவலர் தம் செல்வாக்கால் வளைப்பதைத் தனிக் குற்றமாக்க 2017 வரை ஆயிற்று. இரத்தம் என்ன என்று கேட்பதை விட்டு, யார் யாரை நம்பியிருந்தார் என்று சட்டம் கேட்டது அப்போதுதான். 2022இல் நடிப்பவர்களுக்காக ஒரு சட்டம் வந்தது: ஒப்பந்தத்துக்கும் படப்பிடிப்புக்கும் இடையே ஒரு மாதம், படப்பிடிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே நான்கு மாதம், வெளியான பிறகும் விலக்கிக்கொள்ளும் உரிமை.

என் நிலைப்பாடு இது. வயதுவந்தவர் இருவர் நடித்த கற்பனை எவ்வளவு அருவருப்பூட்டினாலும், அதற்காக மட்டும் சிறைக்கதவு திறக்கக் கூடாது. ஆனால் முகப்புப் பக்கம் கற்பனை இல்லை. அது ஒரு நிறுவனத்தின் முடிவு. தேடாதவன்முன் ஒரு தாயின் பெயரையும் தங்கையின் பெயரையும் கொண்டுவந்து வைப்பது பேச்சுரிமை ஆகாது, விற்பனை உத்தி. அதைக் கட்டுப்படுத்தலாம், கட்டுப்படுத்த வேண்டும். தூக்கம், மிரட்டல், பேரம் என்று ஒருவரின் சார்புநிலையே சரக்காகும் தலைப்புகளை வன்முறை வகையாகவே நடத்த வேண்டும். அதில் 'ஸ்டெப்' இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வயதைச் சரிபார்க்கும் பொறுப்பு பெற்றோரிடம் அல்ல, தளத்திடம் இருக்க வேண்டும்.

பிரான்சில் 2021 ஜனவரியில் கமீல் கூஷ்னேர் என்ற வழக்கறிஞர், தன் இரட்டைச் சகோதரனை அவர்களுடைய மாற்றாந்தந்தை சிதைத்ததை நூலாக எழுதினார். அடுத்த சில நாள்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குறிச்சொல்லின் கீழ் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். ஏப்ரலிலேயே சட்டம் மாறியது: குடும்பத்துக்குள் என்றால் 18 வயதுக்குட்பட்டவர் இசைந்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு சொல்லை அதற்குரியவர்கள் மீட்டெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட விரைவான சான்று எனக்குத் தெரியாது.

நம் போக்சோ சட்டத்தின் 26ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தை பேசியபடியே எழுத வேண்டும் என்கிறது. அதே சட்டப்படி, அதிகாரி சீருடையில் வரக்கூடாது. குழந்தை நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏழு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் அந்த மனிதரின் பெயர் தெரியாது. வீட்டில் யாரும் அவரைப் பெயர்சொல்லி அழைத்ததில்லை. யார் என்று கேட்டால் அது சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: மாமா, சித்தப்பா, அண்ணன், அப்பா. அதிகாரி அந்தச் சொல்லை அப்படியே தாளில் எழுதிக்கொள்கிறார்.